பழைய லப்டொப்பில் ஒரு சேர்வர்

ஈழத்துத் தமிழ் நூல் ஒன்றைத் தேடி இணையத்தில் இறங்கியவர்கள் 'நூலகம்' தளத்தைத் தாண்டிப் போயிருக்க மாட்டார்கள். 2005இல் தொடங்கிய அந்தத் திட்டத்தின் பட்டியல் ஓடுவது மீடியாவிக்கி என்ற திறந்த மூல மென்பொருளில். விக்கிப்பீடியாவைத் தாங்குவதும் அதுவே. காசில்லாமல் இறக்கி, குருக்கள்மடத்தில் உங்கள் வீட்டு மேசையிலும் நிறுவலாம். சேர்வர் வேலை பழக நான் முதலில் சொல்வது இதைத்தான். வெப் சேர்வர், பிஎச்பி, தரவுத்தளம் மூன்றும் கைகோத்து நிற்பதால், ஒன்றைத் தட்டினால் மற்றவை ஆடுவதைக் கண்ணால் பார்க்கலாம்.

யாரும் தொடாத பழைய லப்டொப் ஒன்று போதும். பற்றரி பாதி செத்திருந்தாலும் பரவாயில்லை, கரண்ட் போகும்போது அதுதான் யுபிஎஸ். டெபியன் லினக்ஸை டெஸ்க்டொப் இல்லாமல் போடுங்கள். ஒன்றைக் கவனியுங்கள்: 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13இல் 32 பிட் கணினிக்கு நிறுவி கிடையாது. கட்டளைகளுக்கு, கணியம் வெளியிட்ட து. நித்யாவின் 'எளிய தமிழில் க்னூ/லினக்ஸ்' கைவசம் இருக்கட்டும்.

விக்கி எழும்பியதும் உண்மையான விஷயத்தை ஏற்றுங்கள்: ஊர்க் கோயில்களின் சடங்கு நாட்கள், கூத்துப் படங்கள், அண்ணாவிமார் பெயர்கள். வெறும் சோதனைப் பக்கம் அழிந்தால் யாருக்கும் நோகாது.

பிறகு உடைக்கத் தொடங்குங்கள். வட்டு நிரம்பும்வரை ஒரு பெரிய போலிக் கோப்பை உருவாக்கிவிட்டுப் படமொன்றைப் பதிவேற்றப் பாருங்கள், ஏறாது. ஏன் என்பதை லொக் கோப்பில் தேடி எடுங்கள். அடுத்தது, பலரைக் குழப்பும் ஒன்று. ஒரு நிரல் எழுதிக்கொண்டிருக்கும் பெரிய லொக்கை அழித்தால் கோப்பு மறையும், இடம் மட்டும் திரும்பாது. அந்த நிரல் கோப்பைத் திறந்தே வைத்திருப்பதுதான் காரணம். நிரலை மறுபடி தொடக்கினால் இடம் கிடைக்கும். வாசித்தால் மறந்துவிடும் இது. ஒருமுறை தலையைச் சொறிந்தவருக்கு மறக்காது.

இன்னொரு கணினியிலிருந்து எஸ்எஸ்எச் வழியாகவே நிர்வகியுங்கள். ஃபயர்வோலில் ஒரு வரி தவறினால் நீங்களே வெளியில் நிற்பீர்கள். அம்பிளாந்துறைக்குப் பாதையில் (வாவியைக் கடக்கும் மிதவையில்) போய்வருகிறவர்களுக்கு இந்த நிலை விளங்கும்: கடைசிப் பாதையைத் தவறவிட்டால் மண்முனைப் பாலத்தாலோ பட்டிருப்புப் பாலத்தாலோ சுற்றித்தான் வரவேண்டும். வாடகைச் சேர்வர்களிலும் அப்படிச் சுற்றுவழி ஒன்று உண்டு, நிறுவனத்தின் கட்டுப்பாட்டுப் பக்கத்திலுள்ள கொன்சோல். அதை நம்பாமல், அமைப்பை மாற்றும்போது பழைய இணைப்பை மூடாமல் விட்டு, வேறொரு ஜன்னலில் புதிதாக நுழைந்து பாருங்கள். நுழைய முடிந்த பிறகே பழையதை மூடலாம்.

பெக்கப் எடுப்பதில் பெரும்பாலோர் தரவுத்தளத்தோடு நின்றுவிடுவார்கள். மீடியாவிக்கியில் பதிவேற்றிய படங்கள் தனி அடைவில் இருக்கும். தள அமைப்பும் தனிக் கோப்பு. படங்களை விட்டால் கட்டுரை வரும், கூத்துப் படம் வராது. அமைப்புக் கோப்பை விட்டால், விக்கியை முதலில் நிறுவச் சொல்லும் பக்கம்தான் வரும். ஆகவே பெக்கப்பை பென்டிரைவில் எடுத்துப்போய், நண்பரின் கணினியில் வேர்ச்சுவல்பொக்ஸுக்குள் புதிய டெபியன் போட்டு, அதிலே தளத்தை எழுப்புங்கள். தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாக மாறியிருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். எழுப்பிய படிகளையும் அதற்கு எடுத்த நேரத்தையும் குறித்துவையுங்கள். அடுத்த மாதம் நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார, உங்கள் குறிப்பை மட்டும் வைத்து நண்பர் எழுப்பட்டும். அவர் எந்த வரியில் தடக்குகிறாரோ, அந்த வரியைத் திருத்தி எழுதுங்கள்.