உங்க டீமில் எத்தனை பேர்?

"அம்மா, உங்க டீமில் கறுப்பினத்தவங்க எத்தனை பேர்?"

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, மறுநாளைக்கு லஞ்ச் பாக்ஸ் கழுவிக்கொண்டிருந்தபோது என் 13 வயது மகள் கேட்டாள். கேள்வி எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். அவளுக்கு நீச்சல் சொல்லித்தரும் பெண்ணைப் பற்றித்தான்.

நாங்கள் இருப்பது அட்லாண்டாவின் வடக்குப் புறநகரில். நான் ஒரு கம்பெனியில் டேட்டா அனலிஸ்ட் டீமை நடத்துகிறேன். நீச்சல் கோச்சுக்கு 24 வயது. வார நாட்களில் ஒரு மருத்துவமனையின் பில்லிங் பிரிவில் வேலை, சனி ஞாயிறு நீச்சல் வகுப்பு. இரவில் உட்கார்ந்து எஸ்.க்யூ.எல்., பவர் பி.ஐ. இரண்டையும் தானாகவே படித்து, ஆன்லைனில் ஒரு சான்றிதழும் வாங்கியிருந்தாள். டேட்டா வேலைக்கு ஆறு மாதத்தில் 140 விண்ணப்பம் போட்டு, மூன்றே மூன்று போன் கால் வந்ததாம். நான் என்ன வேலை செய்கிறேன் என்று மகள் அவளிடம் சொல்லியிருக்கிறாள். "என் ரெஸ்யூமேயை ஒரு தடவை பார்த்துத் தர முடியுமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

பார்த்தேன். பில்லிங் வேலைக்கு ஒரே ஒரு வரி: 'பில்லிங் விவரங்களைப் பதிவு செய்தல்.' அங்கே நிஜமாக என்ன செய்கிறாய் என்று கேட்டேன். இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் திருப்பி அனுப்பும் கிளெய்ம்களை எக்செல்லில் போட்டு, காரணம்வாரியாகப் பிரித்து, ஒரே ஒரு கட்டம் காலியாக இருப்பதால்தான் நிறைய திரும்பி வருகிறது என்று கண்டுபிடித்து மேலதிகாரிக்குக் காட்டியிருக்கிறாள். "அதைத்தானம்மா நாங்க டேட்டா அனாலிசிஸ்னு சொல்றோம்!" என்றேன். அவளுக்கே ஆச்சரியம்.

'ஆரம்ப நிலை வேலை' என்று போட்டுவிட்டு 'இரண்டு வருட அனுபவம் வேண்டும்' என்று கேட்பது இந்தத் துறையின் பழைய வேடிக்கை. அந்த அனுபவம் அவளிடம் இருந்தது. வேறு பெயரில் இருந்தது, அவ்வளவுதான்.

மூன்று மாற்றம் செய்தோம். பில்லிங் வேலையை மேலே கொண்டுவந்து, எண்களோடு எழுதினோம். எல்லோருடைய ரெஸ்யூமேயிலும் இருக்கும் டைட்டானிக் பயணிகள் பயிற்சியை எடுத்துவிட்டோம். அதற்குப் பதிலாக, அட்லாண்டாவின் மார்ட்டா போக்குவரத்து நிறுவனம் பொதுவில் வெளியிடும் பஸ் அட்டவணையை எடுத்து, தன் பாட்டி வசிக்கும் பகுதியில் இரவு ஒன்பதுக்கு மேல் எத்தனை பஸ் ஓடுகிறது என்று அவள் ஒரு டேஷ்போர்டு செய்தாள். மூன்றாவது, 'டேட்டா அனலிஸ்ட்' என்று மட்டும் தேடாமல் ரிப்போர்ட்டிங் அனலிஸ்ட், ஆபரேஷன்ஸ் அனலிஸ்ட், கிளெய்ம்ஸ் அனலிஸ்ட் என்றும் தேடச் சொன்னேன். வேலை ஏறக்குறைய ஒன்றுதான், போட்டி குறைவு.

கிளம்பும்போது அவள் கேட்ட கடைசிக் கேள்விக்குத்தான் என்னிடம் பதில் இல்லை. "என் பேருக்குப் பதிலா மிடில் நேமைப் போடட்டுமா?" அவள் பெயரைப் படித்தாலே கறுப்பினப் பெண் என்று தெரிந்துவிடும்.

அது வீண் சந்தேகம் இல்லை. தமிழ்நாட்டில் பிறந்து சின்ன வயதிலேயே அமெரிக்கா வந்த பொருளாதார அறிஞர் செந்தில் முல்லைநாதன், மரியான் பெர்ட்ராண்டோடு சேர்ந்து 2004-ல் வெளியிட்ட ஆய்வு இதைப் பற்றித்தான். பாஸ்டனிலும் சிகாகோவிலும் வந்த வேலை விளம்பரங்களுக்கு சுமார் 5,000 ரெஸ்யூமேக்களை அனுப்பினார்கள். பெயர்களை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டார்கள். வெள்ளையர் பெயர் என்றால் 10 விண்ணப்பத்துக்கு ஒரு அழைப்பு. கறுப்பினப் பெயர் என்றால் 15 போட வேண்டும். தகுதியைக் கூட்டிக் காட்டினால் வெள்ளையர் பெயருக்கு அழைப்பு நன்றாகவே கூடியது, கறுப்பினப் பெயருக்கு அந்த அளவு கூடவில்லை. 'இன்னும் நல்லாப் படி, தன்னால வேலை வரும்' என்று நாம் சொல்லும் அறிவுரை எல்லோருக்கும் ஒரே மாதிரி பலிப்பதில்லை.

பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2022-ல் வந்த இன்னொரு ஆய்வில், 108 பெரிய கம்பெனிகளின் ஆரம்ப நிலை வேலைகளுக்கு சுமார் 83,000 விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. வித்தியாசம் சுமார் இரண்டு சதவீதப் புள்ளியாகச் சுருங்கியிருந்தது, ஆனால் போய்விடவில்லை. அந்த இழப்பில் ஏறக்குறைய பாதிக்கு ஐந்தில் ஒரு பங்கு கம்பெனிகளே காரணம். ஆள் எடுக்கும் வேலையை ஒரே இடத்தில், ஒரே முறையில் செய்த கம்பெனிகளில் பாகுபாடு குறைவாக இருந்தது.

நம் வீடுகளிலும் பெயரைச் சுருக்கிய கதைகள் உண்டு. என் கணவருக்கு ஆபீஸில் ஒரு பெயர், அத்தைக்கு ஒரு பெயர். ஆனால் பெயரைச் சுருக்கியதோடு நாம் நிற்கவில்லை. நமக்குத் தெரிந்தவர்கள் உள்ளே இருந்தார்கள்.

அந்தப் பெண் இரண்டு நாள் கழித்து மெசேஜ் போட்டாள்: "பாட்டி வச்ச பேரு. அதுவே இருக்கட்டும்."

இப்போது மகளின் கேள்விக்கு வருகிறேன். அன்று இரவு விரல் விட்டு எண்ணினேன். என் டீமில் 11 பேர். அதில் ஏழு பேர் ரெஃபரலில் வந்தவர்கள், அந்த ஏழில் ஐந்து பேர் இந்தியர்கள். கறுப்பினத்தவர் ஒருவரும் இல்லை. அட்லாண்டா நகர மக்களில் ஏறக்குறைய பாதிப் பேர் கறுப்பினத்தவர்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்த மாதம்தான் என் டீமிலேயே ஒரு ஆரம்ப நிலை இடத்தை நிரப்பியிருந்தோம். விளம்பரம் வெளியே வருவதற்கு முன்னாலேயே, தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவில் ஒரு நண்பரிடம், "உங்க பையன் ரெஸ்யூமேயை அனுப்பி வைங்க" என்று சொல்லியிருந்தேன். பையன் கெட்டிக்காரன், குறை சொல்ல ஒன்றுமில்லை. வெப்சைட் வழியாக 400-க்கு மேல் வந்தன. அவற்றில் என் மேஜைக்கு வந்தவை எட்டு. அந்தப் பெண்ணும் விண்ணப்பித்திருந்தாள் என்று பிறகு தேடிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அனுபவம் போதாது என்று முதல் சல்லடையிலேயே போயிருந்தது. அவளும் என்னிடம் சொல்லவில்லை. நான் சங்கடப்படுவேன் என்று நினைத்தாளாம்.

யாரையும் வெறுத்து நான் எதையும் செய்யவில்லை. நம்ம பிள்ளைக்கு ஒரு உதவி செய்தேன், அவ்வளவுதான். ஆனால் எல்லோரும் நம்ம பிள்ளைக்கே உதவி செய்தால், உள்ளே ஆள் இல்லாத பிள்ளைக்குக் கதவு எங்கே இருக்கிறது? இனப் பாகுபாட்டைத் தடுக்கும் 1964-ன் சிவில் உரிமைச் சட்டம் கறுப்பின மக்களின் போராட்டத்தில் வந்தது. அந்தச் சூழலில்தான் 1965-ல் குடியேற்றச் சட்டமும் மாறி, நம் அப்பா அம்மாக்களுக்கு வழி திறந்தது. அந்தக் கடன் நமக்கு இருக்கிறது.

இனம் பார்த்து வேலை கொடுக்கச் சட்டம் இடம் தராது, நானும் அதைக் கேட்கவில்லை. அடுத்த இடம் வந்தபோது 'இரண்டு வருட அனுபவம்' என்ற வரியை எடுத்தேன். ரெஃபரலில் வருபவர்களும் அதே வரிசையில் நிற்க வேண்டும் என்றேன். எல்லோருக்கும் ஒரே எஸ்.க்யூ.எல். கணக்கு, விடை திருத்தும்போது பெயரை மறைத்து வைப்பது. மேலதிகாரியைச் சம்மதிக்க வைக்க இரண்டு மாதம் ஆனது. சங்கத்து நண்பர்கள் சிலருக்கு வருத்தம். "நம்ம ஆளுங்களுக்கு நாமளே செய்யலைன்னா எப்படி?" என்றார் ஒருவர். இப்போதும் நான் ரெஃபர் செய்கிறேன். ஆனால் ஒரு நம்ம பிள்ளை என்றால், என் வட்டத்துக்கு வெளியே இருந்து ஒரு பிள்ளையும்.

அட்லாண்டாவில் இதற்கு ஆள் கிடைக்காது என்று யாரும் சொல்ல முடியாது. 1900 பாரிஸ் கண்காட்சிக்கு கறுப்பின மக்களின் வாழ்க்கையை கையால் வரைந்த சுமார் 60 வரைபடங்களாக அனுப்பியவர் டபிள்யூ. இ. பி. டு போய்ஸ். இந்த ஊர் அட்லாண்டா பல்கலைக்கழகத்தில் மாணவர்களோடு சேர்ந்து செய்த வேலை அது. பவர் பி.ஐ. வருவதற்கு நூறு வருஷத்துக்கு முன்னால்.

அந்தப் பெண் என் டீமுக்கு வரவில்லை. நாங்கள் விளம்பரம் கொடுப்பதற்குள் ஒரு கவுன்ட்டி சுகாதார அலுவலகத்தில் ரிப்போர்ட்டிங் அனலிஸ்ட் ஆகிவிட்டாள். சர்ச்சில் பழக்கமான ஒருவர் அங்கே வேலை பார்க்கிறார், அவர்தான் சொல்லிவிட்டாராம். அவளுக்கும் ரெஃபரல்தான்! நீச்சல் வகுப்பை மட்டும் விடவில்லை.

எங்கள் இடத்துக்கு, கணக்கை நன்றாகப் போட்ட ஒரு கறுப்பின இளைஞர் வந்தார். கடைசி இன்டர்வியூ வரை அவர் யார் என்றே எனக்குத் தெரியாது.

சில வாரம் முன்பு மகள் மறுபடி கேட்டாள். "இப்போ எத்தனை?"

"ஒருத்தர்."

"பன்னிரண்டு பேர்லயா?"

"ஆமா."

"சரி," என்று சொல்லிவிட்டுப் பல் தேய்க்கப் போனாள். அடுத்த வருஷமும் கேட்பாள்.