நாற்பது ரூபாய் சஸ்பென்ஸ்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லில் எனக்குக் கணக்கு வேலை. மில் கணக்கு டேலியில் ஏறும், வீட்டுக் கணக்கு சிட்டையில் ஏறும். 2025 ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தங்கை மகனுக்கு மொட்டை போடப் பெரியபாளையம் பவானி அம்மன் கோயிலுக்குக் குடும்பத்தோடு போனோம். மடியும் தாய்மாமனுடையது, செலவும் தாய்மாமனுடையது. அன்று ராத்திரி எழுதிய பக்கம் இது.

உ

எடுத்துப் போனது: ரூ. 12,000

வேன், போக வர: 3,300
சேவல் 1: 650
பச்சரிசி, வெல்லம், நெய், பானை, விறகு: 1,140
வேப்பிலைக் கட்டு, மஞ்சள்: 250
பூ, தேங்காய், எலுமிச்சை மாலை: 480
பொட்டுத் தாலி, அரை கிராம்: 4,900
மொட்டை: 0
டீ, டிபன்: 620
பலூன், வளையல்: 210

மொத்தம்: 11,550
கையிருப்பு இருக்க வேண்டியது: 450
இருந்தது: 410

நாற்பது ரூபாய் உதைத்தது. மூன்று முறை கூட்டியும் அதே நாற்பதுதான்.

"உண்டியல்ல போட்டிருப்ப அண்ணா, மறந்திருப்ப" என்றாள் தங்கை. திண்ணையில் கறுப்புச் சட்டையோடு உட்கார்ந்திருந்த பெரியப்பா சிரித்தார். "கணக்குல வராத காசையெல்லாம் உண்டியல்னு எழுதுறதாலதான்டா தம்பி, கடவுள் இவ்ளோ பணக்காரரு. ரெண்டாவது தடவ டீ குடிச்சோம்ல, அதான்." தங்கை விடவில்லை. "நீங்க மட்டும் என்ன, பாத்தீங்களா? வெளிய உக்காந்து செருப்புக்குக் காவல் இருந்தீங்க."

இரண்டு பேரிடமும் ரசீது இல்லை. மில்லாக இருந்தால் அந்த நாற்பதை சஸ்பென்ஸ் கணக்கில் வைத்திருப்பேன். எதற்கு, யாருக்கு என்று தெரியாத தொகை தெரியும்வரை தங்கும் இடம் அது. பிரபஞ்சம் எப்படி வந்தது என்ற பெரிய கணக்கையும் இதே சிட்டை முறையில் போட்டுப் பார்க்கலாம் என்று அன்றுதான் தோன்றியது.

தலைக்கணக்கு

முதலில் ஆள் கணக்கு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாடு 7,21,47,030 பேர். இந்துக்கள் 87.58 சதவீதம், கிறித்தவர் 6.12, முஸ்லிம்கள் 5.86. எந்த மதமும் குறிப்பிடாதவர் 0.26 சதவீதம். நாத்திகர் என்றே எழுதச் சொன்னவர்கள் இந்தியா முழுக்க 33,304. தமிழ்நாட்டில் 1,297.

வகுத்தால் 55,626 பேருக்கு ஒருவர். இதே விகிதத்தில், 37,28,104 பேர் இருந்த திருவள்ளூர் மாவட்டத்துக்கு 67 நாத்திகர். ஒரு டவுன் பஸ்ஸில் நெருக்கி ஏற்றிவிடலாம்.

நம்பும்படியாக இல்லை. 1880-களிலேயே சென்னை லௌகிக சங்கத்தார் 'தத்துவ விவேசினி' என்ற இதழ் நடத்தி, கடவுள் உண்டா, உலகம் படைக்கப்பட்டதா என்று தமிழில் வாதாடிய மாநிலம் இது. 1882-இல் அத்திப்பாக்கம் வெங்கடாசல நாயக்கர் மத ஆசாரங்களைக் கிழித்துப் புத்தகம் போட்டார். 1925 மே 2-இல் பெரியார் 'குடி அரசு' தொடங்கினார். 1953 மே 27-இல் பிள்ளையார் சிலைகளை உடைக்கும் போராட்டம் நடத்தினார். இவ்வளவுக்கும் பிறகு 1,297 தானா?

எங்கள் வீட்டிலேயே 1,298-ஆவது ஆள் இருந்தார். கணக்கெடுப்பாளர் வந்த நேரம் பெரியப்பா வெளியே போயிருந்தார். பெரியம்மா பதில் சொன்னாள்: "இந்துன்னு போட்டுக்கங்க சார்." குடும்பத்துக்கு ஒருவர் எல்லாருக்குமாகப் பதில் சொல்கிற படிவம் குடும்பத்தின் பெயரைத்தான் பதியும். நாத்திகனும் ஆடி ஞாயிற்றில் வேன் பிடிப்பான், செருப்புக்குக் காவல் இருப்பான், பொங்கல் ஆறுவதற்குள் தட்டை நீட்டுவான். அந்த மாதிரி ஆளுக்குப் படிவத்தில் கட்டம் கிடையாது.

பொன், இரும்பு, தண்ணீர்

அடுத்து சரக்குக் கணக்கு. அன்று கோயிலில் எங்கள் கையில் இருந்த பொருட்கள் எங்கிருந்து வந்தன?

தண்ணீரிலிருந்து தொடங்கலாம். வேண்டுதல் உள்ள பெண்கள் தலையோடு குளித்துவிட்டு, வேப்பஞ்சேலை கட்டிச் சந்நிதியைச் சுற்றுவார்கள். எங்களுக்கு முன்னால் போன ஒரு பெண்ணின் வேப்பிலைக் காம்புகளிலிருந்து நீர் சொட்டிக்கொண்டே போனது. கல்தரையில் அவள் போன வழி ஈரக் கோடாகத் தெரிந்தது. ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 112 கிராம் ஹைட்ரஜன். பிரபஞ்சம் தொடங்கிய முதல் நிமிடங்களிலேயே அதன் அணுக்கருக்கள் உருவாகிவிட்டன. வயது சுமார் 1,380 கோடி ஆண்டு. ஆரணி ஆறும் கோயிலும் ஊரும் வருவதற்கு முன்னால், ஏன், நட்சத்திரம் என்ற ஒன்றே வருவதற்கு முன்னால் வந்த சரக்கு அது. அறுபது கிலோ ஆளின் உடம்பில் சுமார் ஆறு கிலோ அந்தப் பழைய சரக்குதான்.

இரும்பு எங்கள் மில் சங்கதி. 12 எம்எம் கம்பி மீட்டருக்கு 888 கிராம், இதை எந்தச் சைட் மேஸ்திரியும் தூக்கத்தில் சொல்வார். மனித உடம்பில் மொத்த இரும்பு சுமார் 4 கிராம். அந்தக் கம்பியில் நாலரை மில்லிமீட்டர் நறுக்கினால் ஓர் ஆளின் ரத்தச் சிவப்புக்குப் போதும். நட்சத்திரங்களின் உள்ளும் அவை வெடிக்கும்போதும் உண்டான இரும்புதான் நம் ரத்தத்திலும், எங்கள் உலையில் உருகும் பழைய இரும்பிலும், அன்று நாவிதர் கையில் இருந்த கத்தியிலும்.

தங்கத்தின் கதை இன்னும் தூரம். 2017 ஆகஸ்ட் 17, இந்திய நேரம் மாலை 6.11. இங்கே ஆடி முடிந்து ஆவணி முதல் நாள், விளக்கு வைக்கும் நேரம். சுமார் 13 கோடி ஒளியாண்டு தூரத்தில் இரண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள் மோதிய அதிர்வை அமெரிக்காவின் லைகோ கருவிகள் அப்போது பதிந்தன. 1.7 நொடி கழித்து ஃபெர்மி செயற்கைக்கோளில் காமாக் கதிர் வெடிப்பு பதிவானது. பிறகு தொலைநோக்கிகள் அந்த வெளிச்சத்தை அலசியபோது தங்கம், பிளாட்டினம் போன்ற கன உலோகங்கள் அங்கே பல பூமிகளின் எடை அளவுக்கு உருவாகியிருக்கும் என்று கணித்தார்கள். நம் தங்கம் அந்த மோதலில் வந்ததல்ல. பூமி உருவாகும் முன்பே, 454 கோடி ஆண்டுகளுக்கும் அப்பால், அதுபோன்ற வெடிப்புகளில் வந்தது. அரை கிராம் பொட்டுத் தாலியில் தங்க அணுக்கள் சுமார் 1.4 கோடி கோடி கோடி.

அந்தத் தாலி உண்டியலில் விழுந்த பிறகும் கணக்கு நிற்பதில்லை. கோயில்களில் பயன்படாமல் கிடந்த காணிக்கைப் பொன்னை உருக்கி வங்கியில் முதலீடு செய்யும் திட்டத்தை 2021 அக்டோபர் 13-இல் தமிழ்நாடு அரசு தொடங்கியது. பெரியபாளையமும் அதில் உண்டு. 2025 மார்ச் 31 வரை 21 கோயில்களிலிருந்து 1,074 கிலோ தங்கம் போயிருக்கிறது, அதில் சமயபுரம் மட்டும் 424 கிலோ. ஆண்டு வட்டி 17.81 கோடி ரூபாய். கிராமுக்குச் சுமார் 166 ரூபாய் விழுகிறது. சுத்தத் தங்கம் அரை கிராம் என்றால் ஆண்டுக்கு 83 ரூபாய். நட்சத்திரம் உடைந்து வந்த சரக்கு அம்மன் பெயரில் வட்டி ஈட்டுகிறது.

மொட்டைக்கு மட்டும் ஏன் சைபர்? 2021 செப்டம்பரில் அறநிலையத் துறைக் கோயில்களில் முடி காணிக்கைக் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள்.

ரசீது உள்ளதும் இல்லாததும்

தணிக்கைக்கு வருவோம். பெருவெடிப்புக்கு மூன்று ரசீது காட்டுவார்கள். ஒன்று, விண்மீன் மண்டலங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுவது. இரண்டு, ஆதியில் உருவான சாதாரணப் பொருளில் எடைக்குச் சுமார் 25 சதவீதம் ஹீலியமாக இருப்பது. மூன்றாவது 1965-இல் வந்தது. பென்சியாஸும் வில்சனும் தங்கள் ஆண்டெனாவில் ஓயாத ஓர் இரைச்சலைக் கேட்டு, புறா எச்சம்தான் காரணமோ என்று துடைத்துப் பார்த்தார்கள். இரைச்சல் போகவில்லை. அது பிரபஞ்சத்தின் பழைய வெப்பத்தின் மிச்சம், இப்போது ஆறி மைனஸ் 270 டிகிரி செல்சியஸில் நிற்கிறது. ஒரு கன சென்டிமீட்டர் இடத்தில், கற்பூரக் கட்டி ஒன்றின் அளவு என்று வையுங்கள், அந்த ஒளித்துகள்கள் சுமார் 411 எப்போதும் இருக்கின்றன. கருவறையிலும் உண்டு, பெரியப்பா உட்கார்ந்திருந்த டீக்கடையிலும் உண்டு.

புராணத்துக்கும் பேரேடு இருக்கிறது. பிரம்மாவின் ஒரு பகல் 432 கோடி ஆண்டு. பூமியின் வயது 454 கோடி. பக்கத்தில் வருகிறதே என்று மேடைதோறும் கைதட்டு வாங்குகிற எண் இது. ஆனால் அதே புராணக் கணக்கில் இந்தப் பகலில் இதுவரை கழிந்தது சுமார் 197 கோடிதான். ஒரு வரி ஒத்துப்போனால் கணக்கு ஒத்துப்போனதாகாது. உலகத்துக்கு ஆறாயிரம் வயது என்று ஐரோப்பாவில் பாதிரிகள் கூட்டிச் சொன்ன காலத்தில் கோடிகளை அசராமல் எண்ணிய மனத்தை மெச்சலாம். ஆம்பல், குவளை, வெள்ளம் என்று பேரெண்களுக்குப் பூவும் நீரும் பெயராக வைத்து, வானிலிருந்து காற்று, காற்றிலிருந்து தீ என்று தோற்ற வரிசை சொன்ன பரிபாடலையும் மெச்சலாம். ரசீது என்று கேட்டால் அங்கே கிடைக்காது.

விஞ்ஞானத்தின் பேரேட்டையும் அடிவரை படிக்க வேண்டும். பிரபஞ்சத்தில் நமக்குத் தெரிந்த பொருள் 5 சதவீதம். கரும்பொருள் 27, கரும் ஆற்றல் 68. பெயர் வைத்திருக்கிறார்கள், என்னவென்று தெரியாது. அதாவது 95 சதவீதம் சஸ்பென்ஸ். என் நாற்பது ரூபாய் மூன்றில் ஒரு சதவீதம்தான்.

இன்னொரு வரி இதைவிட வேடிக்கை. ஆதியில் துகளும் எதிர்த்துகளும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டன. சரிசமமாக இருந்திருந்தால் ஒளியைத் தவிர ஒன்றும் மிஞ்சியிருக்காது. சுமார் 100 கோடி எதிர்த்துகளுக்கு 100 கோடியே 1 துகள் இருந்தது. அந்த ஒன்றுதான் நட்சத்திரம், ஆரணி ஆறு, வேப்பமரம், என் தங்கை மகன். நூறு கோடியில் ஒரு ரூபாய் உதைத்ததால் உலகம் இருக்கிறது. ஏன் உதைத்தது? ரசீது இன்னும் வரவில்லை.

முன்னிருப்பு வரியும் காலி. ஒரு நொடியை, 1-க்குப் பின் 43 சைபர் போட்ட எண்ணால் வகுத்தால் வரும் துணுக்குக்கு முன்னால் என்ன நடந்தது என்று கேட்டால், இன்றைய சமன்பாடுகள் கைவிரிக்கின்றன.

யார் எந்தப் பக்கம்

நம்பிக்கைக்காரர் ஒரு பக்கம், விஞ்ஞானி எதிர்ப் பக்கம் என்று பிரித்தால் பெயர்கள் இடம் மாறி உட்காருகின்றன. பிரபஞ்சம் விரிகிறது என்று 1927-இல் எழுதி, 1931-இல் ஆதி அணு என்ற கருத்தைச் சொன்ன ஜார்ஜ் லெமைத்ர் கத்தோலிக்கப் பாதிரியார். 1949-இல் பிபிசி வானொலியில் அதற்கு 'பெருவெடிப்பு' என்று பெயரிட்டு, கடைசிவரை ஏற்காதவர் நாத்திகரான ஃபிரெட் ஹாயில். நம் ஜெயந்த் நார்லிகர் ஹாயிலோடு சேர்ந்து மாற்றுக் கோட்பாடு கட்டினார். நட்சத்திரத்துக்குள் இரும்பு வரை தனிமங்கள் எப்படிச் சமைகின்றன என்று 1957-இல் மற்ற மூவரோடு கணக்குப் போட்டதும் அதே ஹாயில். 1951 நவம்பரில் போப் பன்னிரண்டாம் பயஸ் இந்தக் கோட்பாட்டைப் படைப்புக்குச் சாட்சியாகப் பேசியபோது சங்கடப்பட்டவர் லெமைத்ர். தன் கணக்கைத் தன் தெய்வத்தின் பெயரில் வரவு வைக்க அந்தப் பாதிரியாருக்கே மனம் ஒப்பவில்லை.

எங்கள் பக்கத்திலும் உண்டு. கும்மிடிப்பூண்டிக்கு வடக்கே சூலூர்ப்பேட்டை, பழவேற்காடு ஏரிக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டா. சந்திரயான்-3 கிளம்பிய 2023 ஜூலை 14-க்கு முதல் நாள், அப்போதைய இஸ்ரோ தலைவர் சோம்நாத் சூலூர்ப்பேட்டை செங்காளம்மன் கோயிலில் கும்பிட்டார். பெரியப்பாவுக்கு அன்று முழுக்கக் கோபம். ராக்கெட்டைக் கணக்கு தூக்கியது, கும்பிட்டது அவர் சொந்தச் செலவு என்பது என் பதிவு.

செலவு என்றதும், தலைக்கு எவ்வளவு என்று பார்த்தேன். 140 கோடிப் பேருக்கு வகுத்தது:

சந்திரயான்-3, 615 கோடி: ரூ. 4.39
ஆஸ்ட்ரோசாட் விண்வெளித் தொலைநோக்கி, 178 கோடி: ரூ. 1.27
லைகோ-இந்தியா, 2,600 கோடி: ரூ. 18.57

கூட்டினால் ரூ. 24.23. தொலைந்த நாற்பதில் மூன்றும் அடங்கிவிடும், மீதியில் ஒரு டீ.

ஆஸ்ட்ரோசாட் 2015 செப்டம்பர் 28-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போனது. 2017-இன் அந்த நட்சத்திர மோதல் நடந்த திசையை அந்நேரம் பூமி மறைத்ததால் அதன் கண்ணில் படவில்லை. எங்கே தேட வேண்டாம் என்று சொல்ல அந்தக் காணாமையும் உதவியது. லைகோ-இந்தியா வரப்போகும் இடம் மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டம், அவுண்டா. நாகநாதர் ஜோதிர்லிங்கம் இருக்கிற ஊர். அங்கேயும் ஒரு பெரியப்பா செருப்புக்குக் காவல் உட்கார்ந்திருப்பார்.

இருப்பு

பவானி அம்மனுக்கு இங்கே ஒரு கதை உண்டு. வளையல் வியாபாரி ஒருவர் மரத்தடியில் தூங்கி எழுந்தபோது வளையல்களைக் காணவில்லை, புற்றுக்குள் போயிருந்தன என்பார்கள். சரக்குக் குறைந்தது. குறைந்த இடத்தில் தெய்வம் இருந்தது. தங்கை என் நாற்பதுக்குச் சொன்ன பதிலும் அந்த வகைதான். அதில் எனக்குக் குறையில்லை, அது அவள் பக்தி. பெரியப்பா டீ என்றது அவர் பழக்கம். அவரவர் வீட்டுக்கு வந்த விருந்தாளி போல, தெரியாத தொகையை இருவரும் தங்களுக்குத் தெரிந்த பெயரில் உட்கார வைத்தார்கள்.

நான் பேனாவை மூடும் முன் கடைசி வரியாக 'சஸ்பென்ஸ், 40' என்று எழுதினேன். தங்கைக்குத் திருப்தி இல்லை, பெரியப்பாவுக்கும் இல்லை. அவர் எட்டிப் பார்த்துப் பக்கத்தின் தலையில் இருந்த 'உ'வைத் தட்டினார். "இதுக்கு என்னடா ரசீது?"

இல்லைதான். அப்பா எழுதினார், நானும் எழுதுகிறேன். அந்தச் சுழிக்கும் கடைசி வரியில் நிற்கும் நாற்பதுக்கும் நடுவில் உள்ள 11,550-க்கு மட்டும் நான் பொறுப்பு.