போதைப்பொருள் வழக்குகளில் மேல்முறையீடு: சட்டமும் ஃபிக்ஹும்

போதைப்பொருள் கடத்தியதாகக் கீழ்நீதிமன்றத்தால் தண்டிக்கப்பட்ட ஒருவர் மேல்முறையீட்டில் விடுதலையானார் என்ற செய்தி வெளிவரும்போதெல்லாம், நம் மக்கள் நாவில் எழும் முதற்சொல் கசப்பானதாகவே இருக்கிறது. “சட்டத்தின் ஓட்டை வழியே தப்பிவிட்டான்” என்பார்கள். “ஷரீஅத் சட்டம் இருந்திருந்தால் இப்படி நடக்குமா?” என்று சிலர் ஒரு படி மேலே சென்று கேட்பதும் உண்டு. தெருமுனையில் விற்கப்படும் கஞ்சாவால் தம் பிள்ளைகள் சீரழிவதைக் காணும் பெற்றோரின் சினத்தில் நியாயம் இருக்கிறது. ஆயினும் அந்த இரண்டாவது கேள்வி ஆராய்ச்சிக்குரியது. மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் எந்தக் காரணங்களுக்காகத் தண்டனையை ரத்துச் செய்கின்றனவோ, அவற்றை நம் ஃபகீஹ்கள் எவ்வாறு நோக்கியிருப்பார்கள்? நூல்களைப் புரட்டிப் பார்ப்போர்க்குக் கிடைக்கும் விடை, தெருவில் கேட்கும் விடையாக இல்லை.

போதைப்பொருள் ஹராம் என்பதில் ஐயம் இல்லை. ‘ஹஷீஷ்’ என்னும் கஞ்சா வகை முஸ்லிம் நாடுகளில் பரவலாகத் தலைகாட்டிய ஹிஜ்ரி 7-ஆம் நூற்றாண்டிலேயே உலமாக்கள் அதைப்பற்றி எழுதத் தொடங்கிவிட்டனர். ஷாஃபிஈ அறிஞர் இமாம் ஸர்கஷீ (மறைவு ஹி. 794) அதை ஹராமாக்கித் தனி நூலே இயற்றினார். கருத்து வேறுபாடு எழுந்தது தண்டனையைப் பற்றித்தான். இப்னு தைமிய்யா மதுவுக்குரிய ஹத்துத் தண்டனையையே இதற்கும் விதித்தார். மாலிகீ அறிஞர் கராஃபீயோ, இது அறிவைக் கெடுப்பது, ஆனால் மதுவின் இனத்தைச் சேர்ந்தது அன்று, எனவே காழி தம் விவேகத்தால் விதிக்கும் ‘தஃஸீர்’ தண்டனையே இதற்கு உரியது என்றார். கடத்தலும் விற்பனையும் தஃஸீரின்பாற்பட்டவை என்பதே பொதுவான கருத்து. ஆகவே நம்முன் நிற்கும் வினா, செயல் குற்றமா என்பதன்று. இந்த மனிதர்தாம் அதைச் செய்தாரா, அது எவ்வாறு மெய்ப்பிக்கப்பட்டது என்பதே வினா.

இந்தியாவில் இத்துறையை ஆள்வது 1985 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்த போதைப் பொருட்கள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டம். அதன் கடுமையை அறிந்தால்தான் மேல்முறையீட்டின் பொருள் விளங்கும். 2001-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் தண்டனை அளவைப் பொறுத்து அமைகிறது. ஹெராயினில் 250 கிராம், கஞ்சாவில் 20 கிலோ என்னும் ‘வணிக அளவை’த் தாண்டிவிட்டால் குறைந்தது 10 ஆண்டு, கூடியது 20 ஆண்டு கடுங்காவல். ஒரு லட்சம் முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம். பத்தாண்டுக்குக் கீழே இறங்க நீதிபதிக்கு அதிகாரமே இல்லை. இவ்வகை வழக்குகளில் பிணை கிடைப்பதும் அரிது. இவற்றுக்கெல்லாம் மேலாக 35, 54 ஆகிய பிரிவுகள், பொருள் ஒருவர் வசம் இருந்தால் அவர் குற்ற மனத்துடனேயே வைத்திருந்தார் என்று அனுமானிக்கச் சொல்கின்றன. குற்றம் சாட்டுவோரே மெய்ப்பிக்க வேண்டும் என்ற பொதுவிதி இங்கே பாதி தலைகீழாகிறது.

இவ்வளவு கடுமைக்கு ஈடாகச் சட்டம் சில காப்புகளையும் வைத்திருக்கிறது. தகவல் கிடைத்தால் அதை எழுத்தில் பதிய வேண்டும். சூரியன் மறைந்தபின் ஒரு வீட்டுக்குள் நுழைந்து சோதனையிட வேண்டுமாயின், காத்திருக்க இயலாமைக்கான காரணத்தைப் பதிய வேண்டும் (பிரிவு 42). ஒருவரின் உடலைச் சோதனையிடுமுன், அரசிதழ்ப் பதிவு பெற்ற அதிகாரி அல்லது நீதித்துறை நடுவர் முன்னிலையில் சோதிக்கப்படும் உரிமை உமக்கு உண்டு என்று அவரிடம் சொல்ல வேண்டும் (பிரிவு 50). கைப்பற்றியதை முத்திரையிட்டுக் காக்க வேண்டும். நடுவர் முன்னிலையில் மாதிரி எடுக்க வேண்டும். ‘ஓட்டை’ என்று நாம் ஏளனம் செய்வது பெரும்பாலும் இவற்றில் ஒன்று மீறப்பட்டிருப்பதைத்தான்.

சிறப்பு நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து உயர் நீதிமன்றத்திற்கு மேல்முறையீடு செல்கிறது. தமிழகத்தில் சென்னை அல்லது மதுரைக் கிளை. அங்கே சட்டப் புள்ளிகள் மட்டுமின்றிச் சாட்சியங்கள் முழுவதும் மறுபடி எடைபோடப்படும். அதற்கப்பால் உச்ச நீதிமன்றம் அனுமதித்தால் மட்டுமே வழி உண்டு. மேல்முறையீடு மேலைநாட்டார் நமக்குக் கற்பித்தது என்று எண்ணுவோர், யமனில் சிங்கப் பொறியில் விழுந்து இறந்தோர் தொடர்பாக அலீ (ரலி) அளித்த தீர்ப்பை ஏற்க மனமின்றிச் சிலர் நபி (ஸல்) அவர்களிடமே வந்து முறையிட்டதை முஸ்னத் அஹ்மதில் காணலாம். அண்ணலார் அத்தீர்ப்பையே உறுதி செய்தார்கள்; ஆனால் முறையிட வந்ததைக் குற்றமாகக் கொள்ளவில்லை. இன்று காவல்துறை எழுதும் ‘மகஜர்’ நம் காழி மன்றங்களின் ‘மஹ்ளர்’தான்; வக்கீல், ஜாமீன், ஆஜர், ரத்து ஆகிய சொற்களும் அவ்வழி வந்தவையே. சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு அவற்றின் பின்னிருந்த ஒழுங்கை மறந்துவிட்டோம்.

சோதனை பற்றிய முதன்மையான தீர்ப்பு, 1999-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு அளித்த பல்தேவ் சிங் வழக்குத் தீர்ப்பாகும். உடற்சோதனை உரிமையை எடுத்துச் சொல்லாமல் கைப்பற்றிய பொருளை மட்டுமே ஆதாரமாகக் கொண்டு தண்டித்தால் அத்தண்டனை நிலைக்காது என்றது அந்த அமர்வு. தண்டனை எவ்வளவு கடுமையோ அவ்வளவு கண்டிப்பாகக் காப்புகள் பேணப்பட வேண்டும் என்பது அதன் அடிப்படை. இதைப் படிக்கும்போது உமர் (ரலி) அவர்களைப் பற்றி இமாம் கஸ்ஸாலி ‘இஹ்யா’வில் எடுத்துரைக்கும் நிகழ்ச்சி நினைவுக்கு வராமல் போகாது. இரவில் ஒரு வீட்டின் சுவரேறி இறங்கிய கலீஃபா, உள்ளே பாவத்தில் இருந்தவரைக் கண்டிக்கிறார்கள். அவரோ, “நான் ஒன்றில் மாறுசெய்தேன், தாங்கள் மூன்றில் மாறுசெய்தீர்கள்” என்கிறார். துருவி ஆராய்தல் (49:12), வாசல் வழி வராமை (2:189), அனுமதியும் சலாமும் இன்றி நுழைதல் (24:27) ஆகியவையே அம்மூன்று. உமர் (ரலி) அவரை விட்டுவிட்டுத் திரும்பினார்கள். குற்றம் கண்ணெதிரே இருந்தது. காட்டிய வழி சரியாக இல்லை. ஆயினும் இதிலிருந்து எந்தச் சோதனையும் கூடாது என்று முடிவுகட்டலாகாது. பின்னர் ஈடுசெய்ய இயலாத கேடு நிகழப்போவதாக நம்பத்தக்கவர் தகவல் தந்தால் முஹ்தஸிப் உள்ளே நுழையலாம் என்று மாவர்தீ ‘அல்அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா’வில் விதிவிலக்கு அளிக்கிறார். நம்பத்தக்க தகவல், காத்திருக்க இயலாமை என்ற அந்த இரு நிபந்தனைகளும் 42-ஆம் பிரிவின் நிபந்தனைகளுக்கு மிக அருகில் நிற்கின்றன.

இனி, ‘வசம் இருந்தது’ என்ற சிக்கல். இதுவே இவ்வழக்குகளின் உயிர்நிலை. 1997-இல் அமிர்தசரஸ் விமான நிலையத்தில் ஆப்கானியர் ஒருவர் பிடிக்கப்பட்டார். அவர் கொண்டுவந்த திராட்சைப் பெட்டியின் அட்டைச் சுவர்களுக்குள் 1 கிலோ 400 கிராம் ஹெராயின் இருந்ததாக வழக்கு. கீழ்நீதிமன்றம் தண்டித்தது, உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. 2008 ஜூலையில் உச்ச நீதிமன்றம் நூர் ஆகா வழக்கு எனப்படும் இதில் அவரை விடுவித்தது. 35, 54 பிரிவுகள் செல்லத்தக்கவையே என்று சொன்ன நீதிபதிகள், அந்த அனுமானங்கள் உயிர்பெறுமுன் அடிப்படை உண்மைகளை அரசுத் தரப்பு ஐயத்திற்கு இடமின்றி மெய்ப்பிக்க வேண்டும் என்றனர். இவ்வழக்கிலோ கைப்பற்றிய பெட்டி மன்றத்தில் காட்டப்படவில்லை. மகஜரின் சாட்சிகள் விசாரிக்கப்படவில்லை. அனுமானத்தை எதன்மேல் கட்டுவது? கைதுக்கும் அத்தீர்ப்புக்கும் இடையே 11 ஆண்டுகள் ஓடிவிட்டன.

பொருள் ஒருவர் வீட்டில் கிடைத்தாலே அவர் குற்றவாளி என்ற எளிய வாதத்தின் ஆபத்தை, சூரத்துந் நிஸாவின் 105 முதல் 112 வரையிலான வசனங்களின் பின்னணியைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் எனக்குத் தெரிந்து வேறில்லை. முஃபஸ்ஸிர்கள் பல வடிவங்களில் அறிவிக்கும் அந்நிகழ்ச்சியின் பிரபலமான வடிவம் இது: அன்ஸாரிகளின் ஒரு கிளையைச் சேர்ந்தவன் கவசம் ஒன்றைத் திருடி மாவு மூட்டையில் மறைத்து எடுத்துச் சென்றான். பின் அதை யூதர் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டான். ஓட்டையிலிருந்து சிந்திய மாவின் தடம் யூதரின் வீடுவரை சென்றது. கவசமும் அங்கேயே கிடைத்தது. திருடனின் குலத்தார் அவனுக்காகத் திரண்டு வந்து வாதாடினர். கண்ணுக்குத் தெரிந்த சான்று அனைத்தும் யூதருக்கு எதிராக இருந்தது. தடம், பொருள், சாட்சியம் எல்லாம். அந்நிலையில்தான் வஹீ இறங்கி, நிரபராதியின்மேல் பழியைத் தூக்கி எறிபவன் பெரும் அவதூற்றையும் பாவத்தையும் சுமக்கிறான் என்று அறிவித்தது. குற்றம் சாட்டப்பட்டவர் முஸ்லிமல்லர், பழி சுமத்தியோர் முஸ்லிம்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். வஹீ நின்றுபோன காலத்தில் காழியின் கையில் இருப்பது பய்யினா எனும் சான்றின் ஒழுங்கு மட்டுமே. பயணப் பையில், வாடகை வாகனத்தின் இருக்கைக்கடியில், நண்பன் தந்தனுப்பிய பொட்டலத்தில் பொருள் கிடைக்கும் இன்றைய வழக்குகளைப் படிக்கும்போது அந்த மாவுத்தடம் கண்முன் வருகிறது.

மூன்றாவது, ஒப்புதல் வாக்குமூலம். பொதுச் சட்டப்படி காவல்துறையினரிடம் அளிக்கும் ஒப்புதல் சான்றாகாது. ஆனால் போதைப்பொருள் தடுப்பு அதிகாரிகள் ‘காவலர்’ அல்லர் என்ற வாதத்தால், 67-ஆம் பிரிவின்கீழ் அவர்கள் பெற்ற வாக்குமூலத்தைக் கொண்டே பலர் தண்டிக்கப்பட்டு வந்தனர். தமிழகத்தில் 2004-இல் தொடங்கிய ஒரு ஹெராயின் வழக்கின் மேல்முறையீட்டில் இக்கேள்வி எழுந்தது. தூஃபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு என்ற அவ்வழக்கில் 2020 அக்டோபர் 29 அன்று மூவர் அமர்வு, இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில், அவ்வதிகாரிகளும் காவலர்களே, அவர்களிடம் அளித்த ஒப்புதலைக் கொண்டு தண்டிக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. கலீஃபா ஹாரூன் ரஷீதுக்காக இமாம் அபூயூஸுஃப் எழுதிய ‘கிதாபுல் கராஜ்’ இதே பொருளைப் பேசுகிறது. அடித்தும் அச்சுறுத்தியும் பெற்ற ஒப்புதலால் தண்டிக்கலாகாது என்று ஆட்சியாளருக்கு எடுத்துரைக்கும் அவர், பட்டினியிலும் அச்சத்திலும் சிறையிலும் வைக்கப்பட்ட மனிதன் தன் விஷயத்திலேயே நம்பகமானவன் அல்லன் என்ற உமர் (ரலி) அவர்களின் கருத்தை ஆதாரமாகக் காட்டுகிறார்.

இங்கே மாணவர்கள் எழுப்பும் ஒரு மறுப்பு வலுவானது. அதை மழுப்பிவிடக் கூடாது. ஷுப்ஹாவால், அதாவது ஐயத்தால், விலக்கப்படுவது ஹத்துத் தண்டனைதானே? ஐயம் தஃஸீரை வீழ்த்தாது என்று ஸுயூத்தீயின் ‘அல்அஷ்பாஹ்’ கூறுகிறதே? உண்மை. ஆனால் அவ்விதி பேசுவது, செயல் நிகழ்ந்தது உறுதியான பின் அதன் தன்மையில் எழும் ஐயத்தைப் பற்றியது என்றே நான் கொள்கிறேன். செயலை இவர்தாம் செய்தாரா என்பதே நிலைநாட்டப்படாதபோது ஹத்து, தஃஸீர் என்ற வேறுபாட்டுக்கு இடம் எங்கே? சான்று வாதியின் பொறுப்பு, பொறுப்பின்மையே மனிதனின் அடிப்படை நிலை என்ற விதிகள் இரண்டுக்கும் பொது. மேலும், சில கசையடிகளோடு நின்ற தஃஸீர் இன்று இருபதாண்டுச் சிறையாக, சில நாடுகளில் மரணமாக வளர்ந்திருக்கிறது. கடத்துவோருக்கு மரண தண்டனை என்று ஹி. 1407-இல் (1987) முடிவெடுத்த சவூதியின் மூத்த உலமாக்கள் அவை, அதே முடிவில், ஷரீஅத் மன்றங்கள், மறுஆய்வு அமைப்புகள், உயர் நீதிக் குழு ஆகியவற்றில் மெய்ப்பிக்கும் நடைமுறைகள் நிறைவடைய வேண்டும் என்றும் நிபந்தனை விதித்தது. உயிர்களின் விஷயத்தில் பேணுதல் வேண்டும் என்பதே அது சொன்ன காரணம். முதற்பாதியை மேடைகளில் முழங்குவோர் பிற்பாதியைச் சொல்வதில்லை.

மேல்முறையீடு என்றாலே விடுதலை என்று கருதுவதும் தவறு. பையைச் சோதிப்பது உடற்சோதனை ஆகாது, அதற்கு 50-ஆம் பிரிவு பொருந்தாது என்று 2005-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததால், அக்காரணத்தை நம்பிய பல முறையீடுகள் தோற்றன. புகார் அளித்த அதிகாரியே புலனாய்வும் செய்தால் வழக்கே செல்லாது என்று 2018-இல் சொன்ன அதே மன்றம், 2020-இல் பெரிய அமர்வின் வழியே அதை மாற்றிக்கொண்டது. விடுதலையை எதிர்த்து அரசும் முறையிடலாம்.

மேல்முறையீடு நிலுவையில் இருக்கும் ஆண்டுகளில் தண்டனையை நிறுத்திவைக்கவே கூடாது என்று 1989-இல் 32-ஏ பிரிவு சேர்க்கப்பட்டிருந்தது. அது நீதிமன்றத்தின் அந்த அதிகாரத்தைப் பறிக்கும் அளவில் செல்லாது என்று 2000-இல் உச்ச நீதிமன்றம் அறிவித்தது. ஆயினும் பிணைக்குரிய கடும் நிபந்தனைகள் அப்படியே உள்ளன. வழக்கறிஞர் வைக்க வசதியற்றவர், முறையீடு விசாரணைக்கு வருமுன்னே தண்டனையில் பெரும்பகுதியைக் கழித்துவிடுவது நடக்கிறது. பணம் உள்ள வணிகரைவிடக் கூலிக்குப் பொதி சுமந்தவரே இதில் மிகுதியாகச் சிக்குகிறார்.

இத்தகைய குடும்பம் உதவி கேட்டு வரும்போது, மோசடிக்காரர்களுக்காக வாதாடாதே என்ற நிஸா 105-ஆம் வசனத்தைக் காட்டி வாசலை அடைத்துவிடும் ஜமாஅத்துகள் உண்டு. அவ்வசனம் தடுப்பது, மோசடி என்று அறிந்தபின் குலப்பற்றால் வாதாடுவதை. அதே வசனத் தொடர் காப்பாற்றியது, சான்றுகள் எதிராக இருந்த ஒரு நிரபராதியை. தீர்ப்பு சரியா என்று மேல்மன்றத்தைக் கேட்க உதவுவது முதல் வகையில் சேராது. காவலில் உள்ள எவருக்கும் 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி இலவச வழக்கறிஞர் பெறும் உரிமை உண்டு. மாவட்டந்தோறும் அதற்கான ஆணைக்குழு இயங்குகிறது. மேல்முறையீட்டு மனுவைச் சிறைக் கண்காணிப்பாளரிடமே கொடுக்கலாம். அவர் அதை நீதிமன்றத்திற்கு அனுப்பியாக வேண்டும். உயர் நீதிமன்றத்தில் முறையிட 60 நாள் கெடு. அது கடந்துவிட்டால், தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டி அதைப் பொறுத்தருளக் கோரும் மனுவையும் உடன் சேர்க்க வேண்டும்.