பஞ்சைத் தின்று நஞ்சைச் சேர்க்கும் நத்தை

கொட்டாம்பட்டி டீக்கடையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பி போனை நீட்டினான். “அண்ணே, இது முயலா, பொம்மையா?” வெள்ளை உடம்பு, கறுப்புப் புள்ளி, தலையில் இரண்டு காது. 2015-இல் ஜப்பானிலிருந்து கிளம்பி உலகமே பார்த்த வீடியோ.

நத்தைதான் தம்பி. நம் வயல் நத்தைக்கு ஓடு உண்டு, இதற்கு இல்லை. முட்டையிலிருந்து வரும் குஞ்சுக்கு ஓடு இருக்கும். வளரும்போது அதைக் கழற்றிவிடும். ஓடில்லை என்றதும் கடல் அட்டையோடு குழப்பிக்கொள்ளாதே, அது வேறு உயிரினம்.

இதைப் பார்க்க ஜப்பானுக்குப் போகவேண்டாம். இதன் பெரிய அண்ணன் யொருன்னா ஃபியூனபிரிஸ், மன்னார் வளைகுடாவிலும் இலங்கைக் கடலிலும் ஊர்கிறது. 1859-இல் அதற்குப் பெயர் வைத்தவர் கெலார்ட், இலங்கையில் பிறந்த ராணுவ டாக்டர். முத்துச்சிப்பியை ஆராய அரசு அமர்த்திய ஆள், நத்தைகளையும் விட்டுவைக்கவில்லை. மறு ஆண்டே இங்கிலாந்து போகிற கப்பலில் இறந்துபோனார்.

ஃபியூனபிரிஸின் அடையாளம் கேட்கிறாயா? காது மாதிரித் தெரிவது காது அல்ல, தண்ணீரில் கரைந்த வாசனையைப் பிடிக்கும் கொம்பு. வால் பக்கம் விரிந்து நிற்கும் கொத்து, செவுள். தொட்டால் இரண்டையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். முதுகு முழுக்க வெல்வெட் மாதிரி நுண்ணிய மொட்டுகள். கறுத்த மொட்டுகள் கூடி நிற்கும் இடம்தான் வளையமாகத் தெரிகிறது. ஆனால் நிறத்தை மட்டும் வைத்துப் பெயர் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. ஒரே இனத்திலேயே நிறம் மாறும். வாயிலுள்ள பல் நாடாவையும் இனப்பெருக்க உறுப்பையும் பார்த்தால்தான் உறுதி.

என்னைக் கேட்டால், சாப்பாட்டையும் பார்க்க வேண்டும். இது தின்பது நீலநிறக் கடற்பஞ்சு. பஞ்சு என்றதும் மெத்தென்று நினைக்காதே. சிங்கம்புணரி நார் ஆலையில் கிடக்கும் தேங்காய் நாரில் கண்ணாடி ஊசிகளைக் கலந்து பசை போட்டால் எப்படியோ, அப்படி. அதோடு நஞ்சும் உண்டு. ஓட முடியாத பிராணிக்கு வேறு வழி? நத்தை அதைச் சுரண்டித் தின்கிறது, ஊசிகள் கழிவோடு வெளியேறுகின்றன. கழிவை மைக்ராஸ்கோப்பில் வைத்தால், ஊசியின் வடிவத்தைக் கொண்டே எந்தப் பஞ்சைத் தின்றது என்று கண்டுபிடிக்கலாம்.

நஞ்சை மட்டும் அது வெளியே விடுவதில்லை. தோலிலும் கோழையிலும் சேர்த்துவைக்கிறது. ஓட்டுக்குப் பதில் அதுதான் காவல். 2000-இல் கோவா தேசியக் கடலியல் நிறுவனத்தாரும் இத்தாலிய வேதியியலாளரும் ஃபியூனபிரிஸ் நத்தையிலிருந்து ஜொருமைசின் என்ற பொருளைப் பிரித்தார்கள். மிகச் சிறிய அளவிலேயே சோதனைக் குழாயில் புற்றுநோய்ச் செல்களைக் கொன்றது. இன்னும் மருந்தாகவில்லை. ஆனால் இதன் உறவுக்காரப் பொருள் டிராபெக்டிடின், வேறொரு கடல் பிராணியில் கிடைத்தது, மருந்தாகவே புழக்கத்தில் இருக்கிறது. ஜொருமைசினுக்காக நத்தையைப் பிடிக்கவும் தேவையில்லை: 2019-இல் அமெரிக்காவின் கால்டெக்கில் ஸ்டோல்ட்ஸ் குழுவினர் அதைச் செயற்கையாகவே செய்து காட்டினார்கள்.

“அப்ப நஞ்சு பஞ்சோடதாண்ணே?” என்றான். அதுவும் இல்லை. பிலிப்பைன்ஸ் கடலின் நீலப் பஞ்சு ஒன்றை ஆராய்ந்தவர்கள் அதே 2019-இல் வெளியிட்டது: இந்த வகை நஞ்சைத் தயாரிப்பது பஞ்சின் செல்லுக்குள் வாழும் ஒரு பாக்டீரியா. தலைமுறை தலைமுறையாக உள்ளேயே குடியிருந்ததால், தனியாகப் பிழைக்கத் தேவையான மரபணுக்களில் பெரும்பகுதியை அது தொலைத்துவிட்டது. நஞ்சு செய்கிற மரபணுக்களை மட்டும் விடவில்லை.