மண்ணின் குடிகள் – 9: மண்புழு இறக்கும் சுமை

தென்பெண்ணைக் கரையில், சாத்தனூர் அணைக்குக் கீழே இருக்கிறது மூங்கில்துறைப்பட்டு. கள்ளக்குறிச்சி-1 கூட்டுறவு சர்க்கரை ஆலை இங்கேதான் இருக்கிறது. சுற்றுவட்டாரக் கழனிகளின் வரவு செலவு பெரும்பாலும் கரும்பை நம்பித்தான். கரும்போ தண்ணீரைக் கொட்டிக் கேட்கும் பயிர். கிணறு இறங்கிப்போகும் கோடையில் அதைக் காப்பாற்றித் தந்தது சொட்டுநீர்ப் பாசனம். சிறு, குறு விவசாயிகளுக்குத் தமிழக அரசு முழு மானியத்தில் அதைத் தருகிறது. கூடவே குழித்தட்டு நாற்றும் வந்தது. தர்பூசணி, மிளகாய் வைப்பவர்களுக்கு மண்ணை மூடிக் களையை அடக்கும் பிளாஸ்டிக் விரிப்பான மல்ச்சிங் ஷீட் வந்தது. இவற்றைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தண்ணீர் மிச்சமானது உண்மை. களையெடுக்க ஆள் கிடைக்காத காலத்தில் ஷீட் விவசாயியைக் கரையேற்றியதும் உண்மை. என் கவலை எல்லாம் அறுவடைக்குப் பிறகு என்ன நடக்கிறது என்பதைப் பற்றித்தான்.

காய்கறிக்குப் போடும் ஷீட்டின் கனம் 20 முதல் 25 மைக்ரான். நாலு மாதம் வெயில் காய்ந்தால் கையில் எடுக்கும்போதே பொடியும். உரிக்க உரிக்கக் கிழியும்; ஓரம் மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும். அடுத்த போகத்துக்கு ரோட்டவேட்டர் ஓட்டினால், தங்கிய துண்டு நூறாகிறது. கரும்பில் கதை வேறு. வெட்டு முடிந்ததும், கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும் மறுதாம்புக்காகக் காய்ந்த சோகைக்குத் தீ வைக்கும் இடங்களில், சுருட்டாமல் விட்ட சொட்டுநீர் டியூப்களும் சேர்ந்து உருகுகின்றன. எலி கடித்த துண்டுகள், நைந்த உரச்சாக்கின் இழைகள், தரம் பிரிக்காத நகரக் குப்பை எருவோடு வரும் கவர்த் துணுக்குகள் என்று பிளாஸ்டிக்கின் வரவுக்குப் பல வழிகள். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலின்போது சாத்தனூரிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறக்கப்பட்டதே, அப்படிப்பட்ட வெள்ளம் வடியும்போது மேட்டுக் குப்பையும் கழனியில் படிகிறது. 5 மில்லிமீட்டருக்குச் சிறுத்த பிளாஸ்டிக் எல்லாமே நுண்பிளாஸ்டிக்தான். கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறுத்தபின் அதைப் பொறுக்க எந்தக் கூலியாளாலும் முடியாது.

மண்புழுவுக்குப் பல் இல்லை. மண்ணையும் மட்கையும் சேர்த்து விழுங்கி, அரைப்பையில் அரைத்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு மீதியை எச்சமாகத் தள்ளும். இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஏக்கருக்கு ஆண்டுதோறும் பத்து டன்னுக்கு மேல் மண் புழுக்களின் உடல் வழியே போய்வருகிறது என்று 1881-லேயே டார்வின் கணக்கிட்டார். மண்ணில் எது கலந்தாலும் புழுவின் குடலுக்குள் போகும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

போனால் என்ன ஆகும்? நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகக் குழு 2016-ல் வெளியிட்ட ஆய்வில், இலைமட்கில் பாலிஎதிலீன் தூளைக் கலந்து புழுக்களுக்குக் கொடுத்தார்கள். 28 சதவீதமும் அதற்கு மேலும் கலந்த இடங்களில் 60 நாளில் சாவு கூடியது, வளர்ச்சி குன்றியது. 7 சதவீதத்தில் அப்படி நேரவில்லை. 28 சதவீதம் என்பது எந்த விவசாயியின் நிலத்திலும் இருக்காத அளவு. அதனால் இந்த ஆய்வைக் காட்டிப் பயமுறுத்துவது நியாயமில்லை. என்னை அதிகம் உறுத்துவது சிறிய அளவு பிளாஸ்டிக் கலந்து நடந்த சோதனைகள். இங்கிலாந்தின் ஆங்கிலியா ரஸ்கின் பல்கலைக்கழகத்தில், கிலோ மண்ணுக்கு ஒரு கிராம் பாலிஎதிலீன் கலந்து 30 நாள் வைத்தார்கள். கலப்பில்லாத மண்ணில் இருந்த புழுக்கள் சுமார் 5 சதவீதம் எடை கூடின. கலந்த மண்ணில் இருந்தவை 3 சதவீதம் இளைத்தன. 2019-ல் வந்த முடிவு அது. இன்னொரு சோதனையில் புழுக்கள் சாகவில்லை, குஞ்சுகளும் குறையவில்லை. ஆனால் வயிற்றைத் திறந்து பார்த்தபோது குடல் திசு சிதைந்திருந்தது. எண்ணிக்கையை மட்டும் பார்த்து மண் நலமாக இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது என்பதைத்தான் இது காட்டுகிறது.

இதைவிடப் பெரிய விஷயம், புழு ஒரே இடத்தில் நிற்பதில்லை. பெர்லினில் மத்தியாஸ் ரில்லிக் குழு 2017-ல் மண் தொட்டியின் மேற்பரப்பில் பிளாஸ்டிக் மணிகளைத் தூவியது. புழு இருந்த தொட்டிகளில் மூன்றே வாரத்தில், மிகச் சிறிய மணிகள் 10 சென்டிமீட்டருக்கும் கீழே போயிருந்தன. புழு தோலில் ஒட்டியும் எச்சத்தில் வைத்தும் வளை வழியே இறக்கிவிடுகிறது. நம் வயல்களில் பரவலாக இருக்கும் லாம்பிட்டோ மாரிட்டியும் வளை தோண்டி மேலும் கீழும் போய்வரும் இனம்தான். வெளிநாட்டுப் புழுக்களை இறக்காமல் இப்படிப்பட்ட உள்ளூர்ப் புழுக்களையே வளர்க்கலாம் என்று சென்னைப் பேராசிரியர் சுல்தான் அகமது இஸ்மாயில் பல ஆண்டுகள் சொல்லிவந்தார். அந்தப் புழு காற்றையும் மழைநீரையும் வேருக்கு இறக்கும் வளையே, நாம் மேலே விட்ட பிளாஸ்டிக்கையும் வேர்மட்டத்துக்குக் கொண்டுபோகிறது. அதன்பிறகு உழுதாலும் கொத்தினாலும் திரும்ப எடுக்க வழியில்லை.

ஆகவே எடுக்க வேண்டிய நேரம், பொருள் முழுசாக இருக்கும்போதுதான். சீனா 2018 முதல் ஷீட்டின் கனம் குறைந்தது 10 மைக்ரான் இருக்க வேண்டும் என்று விதித்தது. அதைவிட மெல்லியது ஒரே துண்டாக உரிந்து வராது என்பதே காரணம். நம் ஊரில் ஷீட் விரிக்க மானியம் இருக்கிறது. உரித்தெடுக்கும் கூலியை விவசாயிதான் கைக்காசிலிருந்து தருகிறார். மண் ஒட்டிய ஷீட்டைக் காயலாங்கடைக்காரர் வாங்கத் தயங்குவார். விற்ற கம்பெனியே திரும்ப வாங்க வேண்டும் என்பதையும், எடுத்துக் காட்டினால்தான் அடுத்த மானியம் என்பதையும் விதியாக்கலாம். 2019 ஜனவரி முதல் ஒருமுறைப் பிளாஸ்டிக்குக்குத் தடை போட்ட மாநிலத்துக்கு இது எட்டாத காரியமல்ல.

கரும்புக் கழனிக்கு இன்னொரு வசதியும் உண்டு. எரிக்கப்படும் சோகையே நல்ல மூடாக்கு. ஒரு சால் விட்டு ஒரு சாலில் பரப்பினால் ஈரம் நிற்கும், களை அடங்கும், மட்கிப் புழுவுக்குத் தீனியாகும். தீயே வைக்காதபோது சொட்டுநீர் டியூபும் பிழைக்கும். வெட்டுக்கு முன்பே டியூபைச் சுருட்டி வரப்பில் வைத்துவிட்டு, சோகையைப் பரப்பியபின் மறுபடி இழுத்துவிட்டால் போதும். மறுதாம்பு முளைக்கும் பருவத்துக்குள் ஓரிரு ஆள் வேலைதான்.