கை வைக்காமல் திறக்கும் கார் டிக்கி: நீங்கள் கேட்காமலே திறந்தால் கோளாறு எங்கே?

ஞாயிற்றுக்கிழமை காலை. வாசலில் எஸ்யூவியை நிறுத்தி, ஹோஸ் பைப்பை எடுத்து பின்பக்க பம்பரில் தண்ணீர் அடிக்கிறீர்கள். 'பீப் பீப்' என்று ஒரு சத்தம். இண்டிகேட்டர் மின்னுகிறது. அடுத்த நொடி டிக்கி கதவு தானாகவே மேலே எழத் தொடங்குகிறது. "ஐயோ, நான் எதையும் அமுக்கலையே!" என்று ஓடிவந்து பைப்பைத் திருப்புவதற்குள் உள்ளே இருந்த பை, மேட் எல்லாம் நனைந்துவிடுகிறது.

இதாவது பரவாயில்லை. அடுக்குமாடிக் குடியிருப்பின் பேஸ்மென்ட் பார்க்கிங்கில், தலைக்கு மேலே பீம் ஓடும் இடத்தில் இதே கதவு தானாகத் திறந்தால்? பெயின்ட் போகும், ஸ்பாய்லர் உடையும், சில நேரம் பின்பக்கக் கண்ணாடிக்கே ஆபத்து. இரவில் திறந்து காலை வரை அப்படியே கிடந்தால் பேட்டரி இறங்கும். உள்ளே வைத்த பொருள் இருக்குமா என்பது உங்கள் தெருவைப் பொறுத்தது.

சில ஆண்டுகளுக்கு முன்பு வரை சொகுசு கார்களில் மட்டும் இருந்த வசதி இது. இன்று டாடா ஹேரியர், சஃபாரி, டொயோட்டா ஃபார்ச்சூனர் லெஜண்டர், ஹூண்டாய் டூசான் என்று பல கார்களின் உயர் வேரியன்ட்களில் வந்துவிட்டது. கூடவே "சென்சார் ரொம்ப சென்சிடிவ்வா இருக்கு, குறைச்சுக் கொடுங்க" என்ற கோரிக்கையும் சர்வீஸ் சென்டர்களுக்கு வந்துவிட்டது. ஆனால் பல சமயம் தவறு செய்வது சென்சாரே அல்ல.

பெயர் ஒன்று, வேலை செய்யும் விதம் இரண்டு

முதலில் உங்கள் காரில் இருப்பது எந்த வகை என்று பாருங்கள். இதைத் தெரிந்துகொள்ளாமல் பம்பரை எத்தனை முறை துடைத்தாலும் பயனில்லை.

ஒன்று, காலை நீட்டினால் திறக்கும் வகை. பம்பருக்குக் கீழே காலை உதைப்பது போல நீட்டி இழுத்தால் கதவு திறக்கும். 'கிக் சென்சார்', 'ஜெஸ்சர் டெயில்கேட்' என்று விளம்பரங்களில் வருவது இதுதான்.

இரண்டாவது, சும்மா நின்றாலே திறக்கும் வகை. டூசானில் இருப்பது இது. பூட்டிய காருக்குப் பின்னால், சாவியோடு, சுமார் 50 முதல் 100 சென்டிமீட்டர் தூரத்துக்குள் மூன்று நொடிக்கு மேல் நின்றால் போதும். எச்சரிக்கை விளக்கு மின்னி, ஒலி எழுப்பி, கதவு திறந்துவிடும். இதில் கால் அசைவைப் பார்க்கும் சென்சாரே கிடையாது. பம்பரில் உள்ள ஆன்டெனா உங்கள் சாவியைத் தேடுகிறது, அவ்வளவுதான். ஆகவே காருக்குப் பின்னால் நின்று பக்கத்து வீட்டுக்காரரோடு அரட்டை அடிக்கும்போது டிக்கி திறந்தால், அது கோளாறு அல்ல. கார் சொன்னபடி நடக்கிறது, நாம்தான் மறந்துவிட்டோம்.

கிக் சென்சார் உண்மையில் எதைப் பார்க்கிறது?

பெரும்பாலான கார்களில் பம்பரின் உட்புறம் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு நீளமான மின்பட்டைகள் இருக்கும். செல்போன் தொடுதிரை விரலை உணர்வது போலவே இவையும் வேலை செய்கின்றன. பட்டையைச் சுற்றி மெல்லிய மின்புலம் இருக்கும். நம் உடலில் பெரும்பகுதி நீர் என்பதால், கால் அருகே வந்ததும் அந்த மின்புலம் மாறும். மேல் பட்டை கெண்டைக்காலையும் கீழ்ப் பட்டை பாதத்தையும் கவனிக்கின்றன. இரண்டிலும் மாற்றம் தெரிந்து, அது சட்டென்று வந்து சட்டென்று விலகினால், 'இது உதை' என்று கார் முடிவு செய்கிறது.

பூனை குறுக்கே ஓடினால் பொதுவாகக் கதவு திறக்காததற்குக் காரணம் இதுதான். பூனையைக் கீழ்ப் பட்டை மட்டுமே பார்க்கும்.

தண்ணீரின் கதை வேறு. காற்றோடு ஒப்பிட்டால் மின்புலத்தின் மீது நீரின் தாக்கம் ஏறக்குறைய 80 மடங்கு. மழை சீராக வழிந்தால் சென்சார் அதைப் பெரும்பாலும் பின்னணியாக எடுத்துக்கொண்டு விட்டுவிடும். ஹோஸ் பைப்பை மேலும் கீழுமாக ஆட்டி அடிக்கும்போதோ, பக்கெட் தண்ணீரை வீசி ஊற்றும்போதோ அது அப்படியே ஒரு கால் வந்து போனது போலத் தெரியும். கார் கழுவும்போது சாவியைத் தள்ளி வையுங்கள் என்று பல நிறுவனங்களின் கையேடுகளிலேயே எழுதியிருப்பது இதனால்தான். அந்தப் பக்கத்தை யார் படிக்கிறோம் என்பது வேறு விஷயம்.

உதை மட்டும் போதாது, சாவியும் வேண்டும்

'உதைத்தது போல இருக்கிறதா' என்று பார்ப்பது சென்சார். 'உதைத்தவர் உரிமையாளரா' என்று பார்ப்பது சாவி. பொதுவாகப் பின்பக்கம் சுமார் ஒரு மீட்டருக்குள் சாவி இருந்தால்தான் கதவு திறக்கும். தானாகத் திறந்தது என்றால் சாவியும் பக்கத்தில்தான் இருந்திருக்க வேண்டும். "சாவி வீட்டுக்குள்ள தானே இருந்துச்சு" என்பீர்கள். சரி, வீட்டுக்குள் எங்கே?

தனி வீடுகளில் போர்ட்டிகோவில் காரை ரிவர்ஸ் எடுத்து, பின்பக்கம் சுவரை ஒட்டி நிறுத்துவது வழக்கம். சுவருக்கு அந்தப் பக்கம் சாவி ஸ்டாண்ட். ஜன்னலோ மெல்லிய கதவோ குறுக்கே இருந்தால் சாவியின் சிக்னல் எளிதாகக் கடந்துவிடும். காலையில் கார் துடைக்க வருபவர் பக்கெட்டோடு பின்பக்கம் குனிந்தால் போதும், காரின் கணக்கில் உரிமையாளரும் இருக்கிறார், உதையும் கிடைத்துவிட்டது.

இப்படிக் காருக்கு அருகிலேயே கிடக்கும் சாவிக்கு இன்னொரு நஷ்டமும் உண்டு. காரும் சாவியும் ஓயாமல் பேசிக்கொண்டே இருந்தால் சாவிக்குள் இருக்கும் பட்டன் பேட்டரி சீக்கிரம் தீரும். மாற்றுச் சாவியை மறக்காதீர்கள். அது டிக்கிக்குள் ஒரு பையில் கிடந்தால், சில நேரம் கார் அதை வெளியே இருப்பதாகக் கணிக்கவும் வாய்ப்பு உண்டு.

வீட்டிலேயே கண்டுபிடிப்பது எப்படி?

அரை மணி நேரம் போதும். மேலே தாராளமாக இடமுள்ள திறந்தவெளியில் காரை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, பூட்டிவிடுங்கள். குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம்.

முதலில் இரண்டு சாவிகளையும் பத்து மீட்டருக்கு அப்பால் ஒருவரிடம் கொடுத்துவிட்டு, பம்பருக்குக் கீழே காலை ஆட்டுங்கள், தண்ணீர் ஊற்றுங்கள். கதவு திறக்கக் கூடாது. திறந்தால் கிக் சென்சாரைச் சந்தேகிப்பதை விட்டுவிடலாம். டிக்கி கைப்பிடியில் உள்ள ஸ்விட்சுக்குள் தண்ணீர் போயிருக்கலாம். அல்லது கூரையிலிருந்து டிக்கி கதவுக்குப் போகும் ஒயர்கள், அந்த ரப்பர் குழாய்க்குள், திறந்து மூடி மடங்கி மடங்கி விரிசல் விட்டிருக்கலாம். இந்த ஒயர் பழுது வெளியே தெரியாது. கதவை அசைக்கும்போது பின் வைப்பரோ நம்பர் பிளேட் விளக்கோ விட்டுவிட்டு வேலை செய்தால் அதுவே அடையாளம்.

அடுத்து சாவியைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு, காய்ந்த பம்பருக்கு அருகில் ஒரு நிமிடம் அசையாமல் நில்லுங்கள். சில நொடிகளில் பீப் ஒலித்துத் திறந்தால் உங்களுடையது 'நின்றால் திறக்கும்' வகை. கிக் வகைக் கார் என்று உறுதியாகத் தெரிந்தும், தண்ணீரும் அசைவும் இல்லாமலே திறக்கிறதா? அப்படியானால் சாவி பாக்கெட்டில் தொலைபேசியோடு உரசி பட்டன் அழுந்துகிறதா என்று பார்த்துவிட்டு, இல்லையென்றால் சென்சாரையோ அதன் இணைப்பையோ சந்தேகிக்கலாம்.

தண்ணீர் அடிக்கும்போது மட்டும் திறக்கிறது என்றால் கார் பழுதில்லை. பழக்கத்தைத்தான் மாற்ற வேண்டும்.

கடைசியாக, கார் திரையில் அமைப்புகளுக்குள் போய் ஹேண்ட்ஸ் ஃப்ரீ வசதியை மட்டும் அணையுங்கள். பவர் டெயில்கேட் வேலை செய்யட்டும். பெரும்பாலும் 'வாகன அமைப்பு', 'கதவு' என்ற பகுதியில் இருக்கும். நாலைந்து நாள் அப்படியே ஓட்டிப் பாருங்கள். பிரச்சினை நின்றுவிட்டால் குற்றவாளி சென்சார் பக்கம். நிற்கவில்லை என்றால் ஸ்விட்ச், ஒயர், அல்லது சாவி பட்டன்.

பம்பரில் என்ன பார்க்க வேண்டும்?

மழைக்காலத்தில் பம்பரின் அடியில் அப்பியிருக்கும் ஈரச் சேறு சென்சாரைக் குழப்பும். கழுவிக் காயவிட்டாலே பல கார்கள் சரியாகிவிடும். அடுத்து, பின்பக்கம் மாட்டிய அலங்காரங்கள். இரும்பு கார்டு, இழுவைக் கொக்கி, குரோம் பட்டை போன்ற உலோகப் பொருள்கள் மின்புலத்தை நேரடியாகப் பாதிக்கும். இவற்றை மாட்டிய பிறகு தொல்லை ஆரம்பித்தது என்றால், கழற்றிவிட்டு ஒரு முறை சோதியுங்கள். ஷோரூமில் கையோடு மாட்டித் தருவதால் 'கம்பெனி பொருள்தானே' என்று நினைத்துவிடுகிறோம்.

யாரோ பின்னால் இடித்து, பம்பரைக் கழற்றி மாட்டிய பிறகு தொடங்கிய தொல்லை என்றால் காரணம் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். உட்புறப் பட்டை கிளிப்பிலிருந்து விடுபட்டுத் தொங்கிக்கொண்டிருக்கலாம், கனெக்டர் சரியாக அமராமல் ஈரம் புகுந்திருக்கலாம். தொங்கும் பட்டை காற்றில் ஆடினாலும் சென்சாருக்கு அது அசைவுதான். இதை யூடியூப் பார்த்து நாமே கழற்ற வேண்டாம். பார்க்கிங் சென்சார் ஒயர்களும் அங்கேதான் ஓடுகின்றன.

"சென்சிடிவிட்டியைக் குறைக்க முடியாதா?"

கம்பெனியிலிருந்தே வரும் கார்களில் இதற்கென்று திருகாணியோ மெனுவோ பொதுவாக இருக்காது. ஆன், ஆஃப் மட்டும்தான். சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் மாட்டிப் பிழைக் குறியீடு பார்க்கலாம், மென்பொருள் புதுப்பிப்பு இருந்தால் ஏற்றலாம், பட்டையைச் சரியான இடத்தில் பொருத்தலாம், தேவைப்பட்டால் மாற்றலாம். வெளியில் வாங்கி மாட்டிய கிட்களில் சிலவற்றில் உணர்திறனைக் கூட்டிக் குறைக்கும் வசதி உண்டு. அப்படிப்பட்ட கிட் வாங்குவதற்கு முன், சாவி அருகில் இருந்தால் மட்டும்தான் திறக்குமா என்று கடைக்காரரைச் செய்து காட்டச் சொல்லுங்கள். அதற்காக ஒயரை வெட்டி இணைத்தால் அந்தப் பகுதிக்கான வாரன்டியை நிறுவனம் மறுக்கலாம்.

சென்சார் சரியாகும் வரை சேதத்தைத் தவிர்க்க ஒரு எளிய வழி இருக்கிறது. பெரும்பாலான பவர் டெயில்கேட்களில் திறக்கும் உயரத்தை நாமே வைத்துக்கொள்ளலாம். கதவை வேண்டிய உயரத்தில் நிறுத்தி, அதன் ஓரத்தில் உள்ள மூடும் பட்டனைச் சில நொடிகள் பீப் கேட்கும் வரை அழுத்திப் பிடித்தால் அது நினைவில் பதியும். பேஸ்மென்ட்டில் நிறுத்துபவர்கள் சென்சார் நன்றாக இருந்தாலும் இதைச் செய்துவிடுவது நல்லது.

டொயோட்டாவின் பல ஸ்மார்ட் சாவிகளை உறங்கவும் வைக்கலாம். லாக் பட்டனை அழுத்திப் பிடித்தபடி அன்லாக் பட்டனை இரு முறை அழுத்தினால், சாவியில் உள்ள சிறு விளக்கு நான்கு முறை மின்னும். அதன் பிறகு ஏதாவது ஒரு பட்டனை அழுத்தும் வரை அது காரோடு பேசாது. மற்ற சாவிகளுக்கு, சிக்னலைத் தடுக்கும் உறை கடைகளில் கிடைக்கிறது.

சர்வீஸ் சென்டர் 'எல்லாம் நார்மல்' என்றால்?

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். நான் காரைக் கொண்டுபோன அன்று டிக்கி ஒரு முறைகூடத் தானாகத் திறக்கவில்லை. "நார்மலா இருக்கு சார்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இரண்டாம் முறை, சிசிடிவி காட்சியையும் எந்தெந்த நாள், என்ன நேரம், சாவி எங்கே இருந்தது, தரை ஈரமா என்ற குறிப்பையும் காட்டிய பிறகுதான் பம்பரைக் கழற்றினார்கள். ஒரு கிளிப் விடுபட்டிருந்தது.

ஒவ்வொரு முறையும் உங்கள் புகார் ஜாப் கார்டில் நீங்கள் சொன்ன வார்த்தைகளிலேயே எழுதப்படுகிறதா என்று பாருங்கள். 'பொதுப் பரிசோதனை' என்று எழுதினால் ஏற்காதீர்கள். வாரன்டி முடிந்த பிறகு அதே கோளாறு தொடர்ந்தால் அந்தத் தாள்தான் சாட்சி. பதில் கிடைக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். அதற்கும் மேல் 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். காருக்குக் கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையமே போதும்.

ஒரே மாடலில் பலருக்கும் பாதுகாப்பு தொடர்பான கோளாறு வந்தால் கதை வேறு. 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள வாகனத் திரும்பப் பெறும் விதிகளின்படி, ஏழு ஆண்டுகளுக்கு உட்பட்ட வாகனங்களின் குறைபாட்டை உரிமையாளர்கள் மத்திய அரசின் பரிவாஹன் தளத்தில் பதிவு செய்யலாம்.

கடைசியாக வாட்டர் வாஷ் கடை. அங்கே சாவி ஊழியரின் பாக்கெட்டில் இருக்கும், கையில் பிரஷர் பைப் இருக்கும். தானாகத் திறக்க இதைவிடப் பொருத்தமான சூழல் வேறு கிடையாது. காரைக் கொடுப்பதற்கு முன் மெனுவில் ஹேண்ட்ஸ் ஃப்ரீயை அணைத்துவிடுங்கள். மறந்துவிட்டால், சாவியை கவுன்டரில் வைக்கச் சொல்லுங்கள்.