பொருத்துதலும் தொடுத்தலும்: ஒரு கலைச்சொல் வேறுபாடு

பல கோப்புகளின் தரவுகளைக் கொண்டு ஒரு காட்சியை உருவாக்குவதை ‘இணைத்தல்’ எனப் பொதுவாகக் குறிப்பிடலாம். ஆயின் இச்சொல் இருவேறு செயல்களை உள்ளடக்கியுள்ளது. 2008ஆம் ஆண்டு ஏவப்பட்ட சந்திரயான்-1 இதற்குத் தக்க சான்றாகும். அதன் தரவுகள் பெங்களூரை அடுத்த பைலாலுவிலுள்ள இந்திய விண்வெளி அறிவியல் தரவு மையத்தில் பேணப்படுகின்றன.

அதன் நிலப்படக் கருவி நிலவின் ஒரே பரப்பை முன்னோக்கி 25 பாகை, நேர்கீழ், பின்னோக்கி 25 பாகை என மூன்று கோணங்களில் படமெடுத்தது. மூன்று படங்களிலும் ஒரே புள்ளியை இனங்கண்டு, அதன் இடமாற்றத்திலிருந்து உயரம் கணிக்கப்படுகின்றது, இது பொருத்துதல். அடுத்தடுத்த படப்பட்டைகளைப் பக்கவாட்டில் சேர்ப்பது தொடுத்தல். முன்னதில் பரிமாணம் கூடுகின்றது. பின்னதில் பரப்பு விரிகின்றது.

கையேட்டில் இரண்டிற்கும் ஒரே சொல் வழங்கின், தொடுக்க வேண்டியவற்றைப் பயனர் பொருத்திவிடக்கூடும். இல்லாத மலை காட்சியில் தோன்றலாம். எனவே செயலின் விளைவை நோக்கியே சொல் தேரப்படுதல் வேண்டும்.